19 சதவீத உயர்வு தருகிறோம் என்றும் ஏன் வெளியேறினார்கள்? நியூயார்க் நர்ஸ்கள் வேலைநிறுத்தம், ஜனவரி 2023

2023 ஜனவரி 9, திங்கட்கிழமை காலை 6 மணிக்கு நியூயார்க் நகரின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் சுமார் ஏழாயிரம் நர்ஸ்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒன்று மன்ஹாட்டனில் உள்ள மவுண்ட் சைனாய். இன்னொன்று பிராங்ஸ் பகுதியில் மூன்று வளாகங்களாக இயங்கும் மான்டிஃபியோர். கொரோனா, ஃப்ளூ, குழந்தைகளைத் தாக்கும் ஆர்எஸ்வி மூன்றும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த குளிர்காலம் அது. மருத்துவமனைகள் ஏற்கெனவே நெருக்கடியில் இருந்தன.

மூன்று ஆண்டுகளில் 19.1 சதவீத ஊதிய உயர்வு தருகிறோம் என்றும், சங்கம் அதை ஏற்காமல் வெளியேறுகிறது என்றும் இரண்டு நிர்வாகங்களும் சொல்லின. அந்தக் கணக்கில் பொய் இல்லை. முதல் ஆண்டு 7, அடுத்து 6, அப்புறம் 5 சதவீதம். ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது 19.1 வருகிறது. அதே நகரத்தின் பணக்கார மருத்துவமனையான நியூயார்க் பிரஸ்பிட்டேரியன் இதே உயர்வுக்கு ஒரு வாரம் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தது. பிறகு எதற்கு ஸ்டிரைக்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், செவிலியர் சங்கங்கள் ஒப்பந்தத்துக்கு எப்படித் தயாராகின்றன, எதில் ஏமாறுகின்றன, எதில் ஜெயிக்கின்றன என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும். சம்பளம் ஏறக்குறைய முடிந்துபோன விஷயமாக இருந்தது. ஒரு வார்டில் ஆள் குறைந்தால் அதற்கு யார் காசு கட்டுவது என்பதில்தான் இரண்டு தரப்பும் முட்டிக்கொண்டு நின்றன.

முந்தைய ஒப்பந்தம் கற்றுக்கொடுத்தது

நியூயார்க் மாநில நர்ஸ்கள் சங்கம் 1901இல் தொடங்கியது. இன்று சுமார் 42,000 உறுப்பினர்கள். தொழில்முறை அமைப்பாகப் பிறந்து, பல பத்தாண்டுகள் கழித்துத் தொழிற்சங்கமாக மாறிய அமைப்பு. அமெரிக்க நர்ஸ்கள் வேலைநிறுத்தத்துக்கு அவ்வளவு எளிதில் வந்தவர்கள் இல்லை. அவர்களுடைய தேசிய அமைப்பு 1950 முதல் 1968 வரை வேலைநிறுத்தமே கூடாது என்று கொள்கை வைத்திருந்தது.

2019இல் இதே சங்கம் மவுண்ட் சைனாய், மான்டிஃபியோர், நியூயார்க் பிரஸ்பிட்டேரியன் ஆகியவற்றில் ஸ்டிரைக் விளிம்புவரை போய்க் கடைசி நேரத்தில் உடன்பாட்டுக்கு வந்தது. புதிய நர்ஸ்களை நியமிக்க 10 கோடி டாலர் ஒதுக்குவதாக மருத்துவமனைகள் ஒப்புக்கொண்டன. ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்ற எண்ணிக்கையும் ஒப்பந்தத்தில் ஏறியது. பெரிய வெற்றி என்றே அன்று எல்லாரும் நினைத்தார்கள்.

அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. 2020 வசந்த காலத்தில் அந்த நகரம் பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். உடன் வேலை பார்த்தவர்களைப் பறிகொடுத்த நர்ஸ்கள், அலை ஓய்ந்ததும் சுற்றிப் பார்த்தால் பலரைக் காணோம். சிலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். சிலர் ஏஜென்சி வழியாக ஊர் ஊராகப் போய் வேலை செய்யும் டிராவல் நர்ஸ் ஆகிவிட்டார்கள்; அதில் சம்பளம் பல மடங்கு. நிரந்தர நர்ஸ் ஒருவர், தன்னைவிடப் பல மடங்கு வாங்கும் தற்காலிக நர்ஸுக்கு மருந்து அலமாரி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும் நிலை வந்தது. 2022 முடிவில் மான்டிஃபியோரில் 760 இடங்களும் மவுண்ட் சைனாயில் 500க்கு மேற்பட்ட இடங்களும் காலியாகக் கிடப்பதாகச் சங்கம் சொன்னது.

எண்ணிக்கை ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் அதை மீறினால் நிர்வாகத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு வலுவான விடை அதில் இல்லை. இதுதான் 2019 விட்டுச்சென்ற ஓட்டை. 2023 கோரிக்கை இந்த இடத்திலிருந்துதான் எழுந்தது.

ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர்

வெளியே இருப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கைச் சண்டை வெறும் கணக்கு வழக்காகத் தெரியலாம். பொது வார்டில் ஒரு நர்ஸின் இரவு ஷிப்டை நினைத்துப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு அடிக்கடி ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பக்கத்துப் படுக்கையில் சலைன் பம்ப் கத்துகிறது. மூன்றாமவரைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகாவிட்டால் தானே எழுந்து விழுந்துவிடுவார். நான்காமவருக்கு இன்சுலின் நேரம். ஐந்து பேர் என்றால் ஓடி ஓடியாவது சமாளிக்கலாம். எட்டுப் பேர் என்றால் யாரோ ஒருவரைப் பார்க்காமல் விட்டே ஆக வேண்டும்; யாரை விடுவது என்பதைத்தான் அந்த நர்ஸ் தேர்ந்தெடுக்க முடியும்.

பென்சில்வேனியா மருத்துவமனைகளை வைத்து லிண்டா எய்கனும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. நர்ஸ் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரச் சேர, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அது காட்டியது. கலிஃபோர்னியா 1999இல் சட்டம் போட்டு 2004 முதல் இந்த விகிதத்தைக் கட்டாயமாக்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் ஒருவருக்கு இரண்டு பேர், பொது வார்டில் முதலில் ஆறு பேர், 2005 முதல் ஐந்து பேர். நியூயார்க் 2021இல் கொண்டுவந்த சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. நர்ஸ்களும் நிர்வாகமும் சேர்ந்த குழு ஒவ்வொரு மருத்துவமனையிலும் திட்டம் போட வேண்டும் என்றதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. சட்டம் தராததை ஒப்பந்தத்தில் வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

இங்கே ஒரு சிறிய காகிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஷிப்ட் தொடங்கும்போது ஆள் போதவில்லை என்றால், இந்தச் சங்கத்து நர்ஸ்கள் ஓர் எதிர்ப்புப் படிவம் நிரப்புவார்கள். எந்தப் பிரிவு, எத்தனை நர்ஸ், எத்தனை நோயாளி, மேலாளரிடம் சொன்னேனா, அவர் என்ன செய்தார் என்றெல்லாம் எழுதி, வேலையை ஏற்கிறேன், ஆனால் எதிர்ப்போடு ஏற்கிறேன் என்று பதிவு செய்வது. வேலை நடுவே இதை எழுதுவது பெரிய தொல்லை. எழுதி என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் பேச்சுவார்த்தையிலும் நடுவர் முன்னும் “எங்களுக்கு ஆள் போதவில்லை” என்று வாயால் சொல்வதற்கும், தேதிவாரியாகக் காகிதத்தை அடுக்கி வைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஸ்டிரைக்குக்கான உண்மையான தயாரிப்பு இதுதான் என்பது என் கருத்து. அது ஸ்டிரைக்குக்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது.

ஒரே நாளில் முடிந்த 12 ஒப்பந்தங்கள்

2022 டிசம்பர் 31 அன்று நகரின் 12 தனியார் மருத்துவமனைகளில் சுமார் 17,000 நர்ஸ்களின் ஒப்பந்தம் ஒரே நேரத்தில் காலாவதியானது. சங்கத்தின் பலத்தில் பாதி இந்தத் தேதியில் இருந்தது. அமெரிக்க ஒப்பந்தங்களில், ஒப்பந்தம் நடப்பில் உள்ளவரை ஸ்டிரைக் செய்ய மாட்டோம் என்ற பிரிவு வழக்கமாக இருக்கும். காலாவதியாகும் நாளில்தான் கை அவிழ்கிறது. 12 இடங்களிலும் ஒரே நாளில் அவிழ்ந்தால், ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளைப் பக்கத்து மருத்துவமனைக்கு அனுப்பிச் சமாளிப்பது கடினம். அங்கேயும் இதே பிரச்சினை இருக்கும்.

டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 99 சதவீதம் ஸ்டிரைக்குக்கு ஆதரவு. டிசம்பர் 30 அன்று எட்டு மருத்துவமனைகளுக்கு நோட்டீஸ் போனது.

இந்த நோட்டீஸ் சட்டத்தின் கட்டாயம். லாப நோக்கற்ற மருத்துவமனைகளின் ஊழியர்களை 1947 சட்டம் தொழிலாளர் பாதுகாப்புக்கு வெளியே தள்ளியிருந்தது. 1974 திருத்தம்தான் அவர்களை உள்ளே கொண்டுவந்தது, ஆனால் நிபந்தனையோடு. ஒப்பந்தத்தை மாற்ற விரும்பினால் எதிர்த்தரப்புக்கு 90 நாள் முன்னறிவிப்பு. மத்திய அரசின் சமரச அமைப்புக்கு 60 நாள். ஸ்டிரைக் என்றால், தொடங்கும் தேதியும் நேரமும் குறிப்பிட்டு எழுத்தில் 10 நாள். இதைத் தவறவிட்டு வெளியே வந்தால் சட்டப் பாதுகாப்பு போய்விடும், வேலையும் போகலாம்.

நோயாளிகளைப் பாதுகாக்க வந்த விதி அது, நியாயமான விதியும்கூட. நோயாளியை நடுவில் விட்டுவிட்டு ஓடினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நேரான பதிலும் அதுவே. மாற்று ஏற்பாடு செய்ய நிர்வாகத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஆனால் நடைமுறையில் அந்தப் பத்து நாள்தான் பேச்சுவார்த்தையின் சூடான கட்டம். நோட்டீஸ் கிடைத்த கணத்திலிருந்து நிர்வாகத்துக்குச் செலவு தொடங்கிவிடுகிறது. மாற்று நர்ஸ்களுக்கு ஏஜென்சியோடு ஒப்பந்தம் போட வேண்டும். அவை பெரும்பாலும் ஐந்து நாளுக்குக் குறைந்து ஆள் அனுப்புவதில்லை. அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிவைக்க வேண்டும். ஆம்புலன்ஸ்களைத் திருப்பிவிட வேண்டும். ஸ்டிரைக் நடக்காமலே போனாலும் இதில் பெரும்பகுதிப் பணம் திரும்பாது.

மவுண்ட் சைனாய் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து குழந்தைகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றத் தொடங்கியதுதான் அந்த வாரம் செய்தியாக வெடித்தது. குறைமாதக் குழந்தையை இன்குபேட்டரோடு வண்டியில் ஏற்றி நகர வீதிகளில் கொண்டுபோவது யாருக்கும் நெஞ்சு பதறும் காரியம். பெற்றோரின் கோபம் நர்ஸ்கள் மீதும் திரும்பியிருக்கலாம். ஆனால் அதே பிரிவில் போதிய நர்ஸ்கள் இல்லை என்று படிவம் படிவமாக எழுதிக் கொடுத்தவர்களும் அந்த நர்ஸ்கள்தான். இந்தப் பிரிவு மறுபடியும் இந்தக் கட்டுரையில் வரும்.

நர்ஸ்கள் பக்கத்தில் தயாரிப்பு வேறு மாதிரி. எந்த வாசலில் எந்த ஷிப்ட் யார் நிற்பது, ஒவ்வொரு வார்டுக்கும் பொறுப்பாளர் யார், வீட்டு வாடகைக்கு என்ன செய்வது. நியூயார்க்கில் ஸ்டிரைக் செய்பவருக்கும் அரசின் வேலையின்மைப் படி உண்டு. அன்றைய விதிப்படி அதற்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். ஆக, முதல் இரண்டு வாரம் சேமிப்பில்தான் ஓட வேண்டும். பேசும்போது பத்தோடு பதினொன்றாகக் கடந்துபோகும் இந்த விஷயம்தான் பல ஸ்டிரைக்குகளின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ஒவ்வொன்றாகக் கழன்றபோது

டிசம்பர் 31 அன்றே நியூயார்க் பிரஸ்பிட்டேரியன் உடன்பட்டது. அதன் நர்ஸ்கள் அந்த உடன்பாட்டை 57க்கு 43 என்ற கணக்கில்தான் ஏற்றார்கள். சங்கத் தலைமையே கொண்டுவந்த உடன்பாட்டை நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேர் வேண்டாம் என்று சொன்னது சாதாரண விஷயமில்லை. சம்பளம் சரி, ஆள் விஷயத்தில் இது போதாது என்று நினைத்தவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். ஆனாலும் மற்ற மருத்துவமனைகளுக்கு அந்த உடன்பாடே சம்பள அளவுகோலாகிவிட்டது. மைமோனிடிஸ், ரிச்மண்ட், ஃபிளஷிங், பிராங்ஸ்கேர் என்று ஒவ்வொன்றாக அதே 7, 6, 5க்கு வந்தன. கடைசி ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் சைனாய் குழுமத்தின் மார்னிங்சைட், வெஸ்ட் மருத்துவமனைகளும் உடன்பட்டன.

அந்த ஞாயிறு இரவு ஆளுநர் கேத்தி ஹோக்குல், பிரச்சினையைக் கட்டுப்படுத்தும் தீர்ப்புக்கு விடலாம் என்றார். அதாவது நடுநிலை ஆள் ஒருவர் இரு தரப்பையும் கேட்டு ஒப்பந்தத்தை எழுதிவிடுவார்; எல்லாரும் ஏற்றே ஆக வேண்டும். நிர்வாகங்கள் வரவேற்றன. சங்கம் மறுத்துவிட்டது. நான்சி ஹேகன்ஸ் தலைமையிலான சங்கம் எடுத்த முடிவுகளில் இது மிக முக்கியமானது என்பேன். இப்படிப்பட்ட நடுவர்கள் பொதுவாகப் பக்கத்து மருத்துவமனைகள் என்ன கொடுத்தன என்று பார்த்து அதையே எழுதுவார்கள். சம்பளத்துக்கு அது ஒத்துவரும். பக்கத்தில் இதுவரை யாரும் கொடுக்காத ஒன்றைக் கேட்பவருக்கு ஒத்துவராது.

மான்டிஃபியோர் நிர்வாகம் ஸ்டிரைக்குக்கு முன்பே 170க்கு மேற்பட்ட புதிய நர்ஸ் பணியிடங்களையும் தருவதாகச் சொல்லியிருந்தது. ஸ்டிரைக்குக்குப் பின் வந்த உடன்பாட்டிலும் சுமார் 170 இடங்கள்தான். சம்பளமும் அதே 19. இதை வைத்து, மூன்று நாள் வெளியே நின்று என்ன கண்டார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. எண்களை மட்டும் பார்த்தால் கேள்வி சரிதான். நர்ஸ்கள் எதை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

மூன்று நாள்

ஸ்டிரைக் நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிவப்புத் தொப்பியும் சிவப்பு மஃப்ளருமாக நர்ஸ்கள் வாசல்களில் நின்றார்கள். உள்ளே டிராவல் நர்ஸ்களும் மேலாளர்களும் வார்டுகளை ஓட்டினார்கள். மான்டிஃபியோர் நர்ஸ்கள் ஓயாமல் சொன்னது அவசர சிகிச்சைப் பிரிவைப் பற்றி. வார்டில் படுக்கை கிடைக்காமல் நோயாளிகள் நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே மணிக்கணக்கில் கிடப்பது அங்கே வாடிக்கையாகிவிட்டது. நகரின் மிக ஏழைப் பகுதி பிராங்ஸ். அந்த மக்களில் பலருக்கு மருத்துவரைப் பார்க்கும் முதல் இடமும் கடைசி இடமும் அதே அவசரப் பிரிவுதான்.

ஜனவரி 12 அதிகாலையில் இரண்டு இடங்களிலும் உடன்பாடு ஏற்பட்டது. அன்று காலை 7 மணி ஷிப்டுக்கு நர்ஸ்கள் உள்ளே போனார்கள்.

மவுண்ட் சைனாயில் எல்லா உள்நோயாளிப் பிரிவுகளுக்கும் நர்ஸ்-நோயாளி விகிதம் எழுதப்பட்டது. மான்டிஃபியோரில் அவசரப் பிரிவுக்கும் விகிதம் வந்தது. இரண்டிலும், மீறினால் நடுவர் முன் கொண்டுபோகலாம், நடுவர் பண அபராதம் விதிக்கலாம், அந்தப் பணம் ஆள் பற்றாக்குறையில் வேலை செய்த நர்ஸ்களுக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் ஏறியது. 2019இல் விட்ட ஓட்டை இப்படித்தான் அடைபட்டது. மூன்று நாள் ஸ்டிரைக்கின் பலன் இந்த வரிகளில்தான் இருக்கிறது.

மூன்று நாளில் முடிந்தது ஓர் அதிர்ஷ்டமும்கூட என்பதை மறைக்கக் கூடாது. மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர் நகரின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில், டெனட் என்ற பெருநிறுவனத்துக்கு எதிராக 2021 மார்ச் 8 அன்று எழுநூறுக்கு மேற்பட்ட நர்ஸ்கள் இதே ஆள் பற்றாக்குறைக்காக வெளியே வந்தார்கள். ஸ்டிரைக் 301 நாள் நீடித்தது. ஆகஸ்ட் வாக்கிலேயே ஆள் எண்ணிக்கையில் பெரும்பாலும் உடன்பாடு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் நிர்வாகம் நிரந்தர மாற்று நர்ஸ்களை நியமித்துவிட்டது. ஸ்டிரைக் செய்தவர்கள் தங்கள் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற ஒரு கோரிக்கைக்காக இன்னும் பல மாதம் வெளியே நின்று, கடைசியில் அதை வாங்கினார்கள். பொருளாதாரக் கோரிக்கைக்காக ஸ்டிரைக் செய்பவரின் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆளை அமர்த்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938இல் சொன்னது இன்றும் செல்லும். நிர்வாகத்தின் சட்டவிரோத நடவடிக்கையை எதிர்த்து நடக்கும் ஸ்டிரைக் என்றால் அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் அங்கே சங்கங்கள் ஸ்டிரைக் நோட்டீஸுக்கு முன்பே, நிர்வாகம் செய்த மீறல்களைத் தொழிலாளர் வாரியத்தில் புகாராகப் பதிந்து வைக்கப் பார்க்கின்றன. ஸ்டிரைக்குக்குத் தயாராகும் எவரும் முதலில் வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

அபராதம் வேலை செய்ததா?

ஸ்டிரைக் முடிந்து சில மாதத்திலேயே, 2023 ஏப்ரலில், மவுண்ட் சைனாயின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆள் குறைவாக ஓட்டியதற்காக, அங்கே வேலை செய்த நர்ஸ்களுக்கு 1,27,000 டாலருக்கு மேல் தர வேண்டும் என்று நடுவர் தீர்ப்பளித்தார். ஜனவரியில் குழந்தைகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றிய அதே பிரிவு. பின்னர் வேறு பிரிவுகளுக்கும் இப்படித் தீர்ப்புகள் வந்தன.

கோடிக்கணக்கில் புரளும் ஒரு மருத்துவமனைக்கு இந்தத் தொகை பெரிதல்ல. ஆனாலும் நான் இதைச் சிறிதாக நினைக்கவில்லை. காலி இடத்தை நிரப்பாமல் விட்டால் அந்தச் சம்பளம் நிர்வாகத்துக்கு மிச்சம். அந்த மிச்சத்தை எடுத்து உடம்பு நோக வேலை செய்தவர்களிடம் கொடுத்துவிட்டால், ஆள் போடாமல் இருப்பதில் லாபம் ஒன்றும் மிஞ்சாது. அதற்கு மேல் போய் ஆள் போட வைக்குமா என்றால், அபராதம் சம்பளத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் வைக்கும். அந்த அளவுக்கு 2023 ஒப்பந்தம் போகவில்லை என்பதே என் கணிப்பு.

இன்னொரு விளைவு யாரும் முதலில் எண்ணிப் பார்க்காதது. நகர அரசு மருத்துவமனைகளின் நர்ஸ்களும் இதே சங்கம்தான். ஆனால் 1967ஆம் ஆண்டின் டெய்லர் சட்டப்படி அரசு ஊழியர் ஸ்டிரைக் செய்யக் கூடாது. தனியார் நர்ஸ்களின் சம்பளம் ஏறியதும் இடைவெளி அப்பட்டமாகத் தெரிந்தது. அதே 2023 கோடையில் அவர்களுக்கு நடுவர் தீர்ப்பு வழியாக, முதல் ஆண்டிலேயே 16,000 டாலருக்கு மேல் உயர்வு கிடைத்தது. பக்கத்தில் என்ன கொடுத்தார்கள் என்று பார்த்து எழுதும் நடுவர், இந்த முறை அவர்களுக்குக் கைகொடுத்தார்.

மூன்று ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 31 அன்று முடிந்தது. 2026 ஜனவரி 12 அன்று மவுண்ட் சைனாய், மான்டிஃபியோர், நியூயார்க் பிரஸ்பிட்டேரியன் மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய 15,000 நர்ஸ்கள் வெளியே வந்தார்கள். ஆள் எண்ணிக்கை மறுபடியும் முக்கியக் கோரிக்கை. இந்த முறை அது வாரக்கணக்கில் நீடித்தது. 2023இல் 57க்கு 43 என்று உடன்பட்டு உள்ளேயே இருந்துவிட்ட மருத்துவமனையும் இந்த முறை வெளியே நின்ற மூன்றில் ஒன்று.